நாதமும் மானமும்: ‘தில்லானா மோகனாம்பாள்’ என்னும் படத்தைக் குறித்து

மங்கல நிகழ்ச்சி எதுவாயினும் நம் நாட்டில் அது நாதசுரத்தின் ஒலியோடு தொடங்குவதே தொன்றுதொட்டு வரும் வழக்கம். திருமணமாயினும், திருவிழாவாயினும், பெரியோரை எதிர்கொண்டு அழைக்கும் வரவேற்பாயினும் முதற்கண் வந்து நிற்போர் மேளக்காரரே. சமய வேறுபாடு கருதாது கிறித்தவர் இல்லத் திருமணங்களிலும் அவ்வொலியை நாம் கேட்கின்றோம். ஆயினும், அங்ஙனம் அழைக்கப்பட்டோர் வாசிக்கும் இசையைச் செவிசாய்த்துக் கேட்போர் அக்கூட்டத்தில் எத்துணைப் பேர் உளர்? இவ்வினாவை நாம் பிறரை நோக்கி எழுப்பவில்லை. நம்மை நோக்கியே எழுப்புகின்றோம். அதற்குக் காரணம் உண்டு.

நம் கல்லூரி விழா ஒன்றில் தலைமை விருந்தினரை வரவேற்க இரண்டு நாதசுரமும் இரண்டு தவிலும் அமர்த்தியிருந்தோம். வாயிலின் அருகே வெயிலில் நின்று முதியவர் ஒருவர் ஓர் இராகத்தை மெல்ல மெல்ல விரித்து வாசித்துக்கொண்டிருந்தார். அவ்வேளையில் ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கருதி நம்முள் ஒருவர் ஓடிச்சென்று, போதும் என்று கைகாட்டினார். வாசித்துக்கொண்டிருந்த பிடியை முடிக்கவும் அவகாசமின்றி அம்முதியவர் கருவியை உதட்டினின்றும் எடுத்தார். முகத்தில் சினக்குறி சிறிதும் இல்லை. சீவாளியைக் கழற்றித் துடைத்து, கருவியை உறையில் இட்டுக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். அச்செயலின் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை. சில நாள் கழித்து விடுதி மண்டபத்தில் ‘தில்லானா மோகனாம்பாள்’ என்னும் படத்தைக் கண்டபோதுதான் விளங்கிற்று. அப்படத்தின் நாயகனும் ஒரு நாதசுரக் கலைஞனே. தன் கலைக்கு அவமதிப்பு நேர்ந்தது என்று அவனுக்குத் தோன்றினால் போதும், அக்கணமே வாத்தியத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவான். முதலில் அவனது சினத்தைக் கண்டு நகைத்தோம், பின்னர் நம் வாயிலில் நின்ற முதியவர் நினைவுக்கு வந்தார், நகைப்பு அடங்கிற்று.

ஒரு கலைஞனுடைய மானம் எத்தகையது, அதற்கு விலை உண்டோ, அது செருக்காக மாறும் இடம் யாது என்னும் இவற்றை அப்படத்தின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படம் தோன்றிய வரலாறு

இக்கதை முதலில் ஏட்டில் பிறந்தது. கொத்தமங்கலம் சுப்பு என்னும் பெரும்புலமையாளர், ‘கலைமணி’ என்னும் புனைபெயரில் 1950களில் ஆனந்த விகடன் இதழில் இதனைத் தொடர்கதையாக எழுதினார். ஓவியர் கோபுலு தீட்டிய சித்திரங்களால் சண்முகசுந்தரமும் மோகனாவும் வாசகர் உள்ளத்தில் உருவம் பெற்று நிலைத்தனர். வாரந்தோறும் இதழுக்காகக் காத்திருந்து படித்தவர் பலர்.

பின்னர் ஏ. பி. நாகராஜன் அக்கதையைத் தாமே தயாரித்து இயக்கிப் படமாக்கினார். 1968ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 27ஆம் நாள் அது வெளிவந்தது. சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கணேசனும், மோகனாம்பாளாகப் பத்மினியும், தவில் வித்துவான் முத்துராக்குவாகப் பாலையாவும், சவடால் வைத்தியாக நாகேசும், ஜில்ஜில் ரமாமணி என்னும் நாடக நடிகையாக மனோரமாவும் நடித்தனர். பாடல்கள் கண்ணதாசனுடையவை, இசையமைப்பு கே. வி. மகாதேவனுடையது. அவ்வாண்டுக்குரிய தேசிய விருதுகளுள் தமிழின் சிறந்த படத்துக்குரிய விருதை இப்படம் பெற்றது. வண்ணப் படங்களின் ஒளிப்பதிவுக்குரிய விருதும் இதன் ஒளிப்பதிவாளர் கே. எஸ். பிரசாத் அவர்களுக்கு வழங்கப்பெற்றது.

நாதசுரக் கலைஞனை நாயகனாகக் கொண்ட படம் இதற்கு முன்னும் இல்லாமற்போகவில்லை. 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலம் அவர்களின் நாதசுரமும் எஸ். ஜானகி அவர்களின் குரலும் இணைந்து ஒலித்ததை இன்றும் மறவாதார் பலர். எனினும், நாதசுரக்காரர் வாழ்க்கையையே நடுவாக வைத்து, அவர்தம் பயணம், கூலி, பூசல், நட்பு, பெருமிதம், பசி ஆகிய அனைத்தையும் திரையில் விரித்துக் காட்டிய பெருமை ‘தில்லானா மோகனாம்பா’ளுக்கே உரியது.

பெரிய மேளமும் சின்ன மேளமும்

இக்கதையின் பூசலை நன்கு உணர வேண்டுமாயின், கோயிலைச் சார்ந்த பழைய கலைமரபு ஒன்றை முதலில் அறிதல் வேண்டும். நாதசுரமும் தவிலும் ஒத்தும் தாளமும் சேர்ந்த குழுவைப் ‘பெரிய மேளம்’ என்றும், ஆடும் மகளிரும் நட்டுவனாரும் அவர்க்குப் பக்கமிசைப்போரும் சேர்ந்த குழுவைச் ‘சின்ன மேளம்’ என்றும் வழங்கினர். சாமி புறப்பாட்டின் முன்னே செல்வது பெரிய மேளம். அதன் ஒலி ஊரெங்கும் கேட்கும். சின்ன மேளத்துக்கு முகவீணை போன்ற மென்மையான கருவியும், பிற்காலத்தில் கிளாரினெட்டும் துணை நின்றன. பெரும்பாலும் இவ்விரு குழுவினரும் உறவினரே. இசை வேளாளர் என்று பின்னர்ப் பெயர் பெற்ற குடும்பங்களைச் சேர்ந்தவரே. ஆயினும், ‘பெரிய’, ‘சின்ன’ என்னும் அடைமொழிகள் பெயரளவில் நில்லாமல் மனத்தளவிலும் புகுந்துவிட்டன. ஆட்டத்துக்குப் பக்கத்தில் அமர்ந்து வாசித்தலைத் தம் மரபுக்கு ஏலாதது என்று நாதசுரக்காரர் கருதியதில் வியப்பில்லை.

இனி, கதை தொடங்கும் இடத்தை நோக்குவோம். ஒரு திருவிழாவில் சண்முகசுந்தரத்தின் கச்சேரியும் மோகனாவின் ஆட்டமும் நடைபெறுகின்றன. நாட்டியத்தைப் பற்றி அவன் உள்ளத்தில் ஏளனம் உண்டு. அதைக் காண வேண்டும் என்னும் ஆவலும் உண்டு. வெளிப்படையாகச் சென்று அமர்ந்து காண்பதற்கு அவனது பெருமிதம் இடங்கொடுக்கவில்லை. ஆகவே, மறைவில் நின்று பார்க்கின்றான். மோகனா அதனை அறிந்துகொள்கின்றாள். இறைவனை விளித்துப் பாடுவது போல, ஒளிந்து நிற்பானேன் என்று அவனையே கேட்கும் பாடலுக்கு அவள் ஆடுகின்றாள். அதற்கு அமைந்த இராகம் சண்முகப்பிரியா. முருகனுக்கு இனியது என்று பொருள்படும் அப்பெயர், நாயகனது பெயரோடும் இயைந்து நிற்றலைக் காண்க. பதங்களில் தெய்வத்தைத் தலைவனாகக் கொண்டு பாடும் மரபு நம் நாட்டிய இசைக்கு உரியது. அம்மரபைக் கொண்டே ஒரு பெண் சபை நடுவில், சபையார் அறியாவண்ணம், ஒருவனோடு உரையாடிவிடுகின்றாள். பி. சுசீலா அவர்களின் குரலில் அப்பாடலைக் கேட்போர் இந்நயத்தை மீண்டும் மீண்டும் எண்ணி இன்புறுவர்.

எனவே, இஃது ஓர் ஆணும் பெண்ணும் கொண்ட காதற்கதை மட்டும் அன்று. பெரிய மேளம் சின்ன மேளத்தைத் தனக்கு நிகராக ஏற்றுக்கொள்ளும் கதையும் ஆகும்.

கருவியும் அதனை வாசித்தோரும்

நாகசுரம் என்றும் நாதசுரம் என்றும் இருவகையாகவும் வழங்கப்பெறும் இக்கருவியின் அமைப்பைச் சிறிது கூறுவோம். இதன் உடற்பகுதிக்கு உலவு என்று பெயர். அது பெரும்பாலும் ஆச்சா மரத்தால் கடையப்படுவது. பழைய வீடுகளில் பல்லாண்டு உத்தரமாக இருந்து முற்றி உலர்ந்த மரமே இதற்குச் சிறந்தது என்பர். அடியில் விரிந்து நிற்கும் பகுதி அணசு எனப்படும். மேலே கெண்டை என்னும் சிறு உலோகக் குழலைச் செருகி, அதன்மேல் நாணல் வகையால் செய்த சீவாளியைப் பொருத்துவர். விரலாடும் துளைகள் ஏழு. கீழே உள்ள ஏனைய துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்துகொள்வர். மேனாட்டுக் குழல்களில் உள்ள சாவிகள் இதில் இல்லை. ஒரு துளையை முழுதும் திறத்தல், பாதி மூடல், சீவாளியை உதட்டால் அழுத்துதல், மூச்சை ஏற்றி இறக்குதல் ஆகிய இவற்றாலேயே கமகங்கள் அனைத்தையும் பிறப்பித்தல் வேண்டும். பல்லாண்டுப் பயிற்சியின்றி இக்கருவி ஒருவர்க்கும் வசப்படாது.

முற்காலத்தில் குட்டையானதும் உரத்த சுருதியுடையதுமான திமிரி என்னும் வகையே மிகுதியாக வழங்கிற்று. திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898–1956) நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர் அரங்கநாத ஆசாரியாரின் துணைகொண்டு, நீண்டதும் தாழ்ந்த சுருதியுடையதுமான பாரி நாதசுரத்தைச் செப்பம் செய்து பரப்பினார். அந்நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. கருவியைத் திருத்தியதோடு அப்பெரியார் அமையவில்லை. கருவியை வாசிப்பவனது நிலையையும் திருத்த முயன்றார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றபடியே வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், வாய்ப்பாட்டு வித்துவான்களைப் போல மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமை நாதசுரக்காரருக்கும் உண்டு என்று நிலைநாட்டினார். சிக்கல் சண்முகசுந்தரத்தின் நிமிர்ந்த தலையைக் காணுந்தோறும் இராசரத்தினம் பிள்ளையின் நினைவு எழுவது இயல்பே.

படத்தில் சிவாஜி கணேசன் கையில் கருவி இருப்பினும், நாம் கேட்கும் நாதம் மதுரை எம். பி. என். சேதுராமன், எம். பி. என். பொன்னுசாமி சகோதரர்களுடையது. கதையிலும் நாயகன் தன் தம்பி தங்கரத்தினத்தோடு இணைந்தே வாசிக்கின்றான்; ஆதலின் உடன்பிறந்தார் இருவரின் இணைந்த வாசிப்பு மிகப் பொருந்தியது. நடிகரது உழைப்பும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. விரல் அசையும் இடம், கன்னம் புடைக்கும் அளவு, மூச்சு வாங்கும் நேரம், பிடி முடிந்தவுடன் தவிலை நோக்கித் திரும்பும் கண் ஆகிய அனைத்தும் உண்மையான வித்துவானுடையனவாகவே தோன்றுகின்றன. தொழில் அறிந்தோரும் குறைகாணாத வண்ணம் அதனை அவர் கற்றுக்கொண்டார். பாலையாவும் அவ்வாறே. வலப்பக்கம் கூடு மாட்டிய விரல்களாலும் இடப்பக்கம் குச்சியாலும் தவிலை முழக்கி, கண்ணாலும் புருவத்தாலும் அவர் நாதசுரத்துக்கு விடை சொல்லும் அழகு தனியே ஒரு கட்டுரைக்கு உரியது.

தில்லானாப் போட்டி

கதையின் நடுமணி திருவாரூரில் நிகழும் போட்டியாகும். சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த ஊர் அது; இசைக்கும் ஆட்டத்துக்கும் பேர்போன கோயிலை உடையது. அவ்வூரில் நாதசுரம் தில்லானா வாசிக்க, அதற்கு மோகனா ஆடுகின்றாள்.

போட்டிக்குத் தில்லானாவைத் தேர்ந்தது ஏன்? இதனைச் சற்று ஆராய்தல் தகும். நாட்டியக் கச்சேரியின் முறை அலாரிப்பு, சதிசுரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று செல்வது. இம்முறையை ஒழுங்குபடுத்தியோர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார். பதத்திலும் வர்ணத்திலும் சொல்லுக்குப் பொருள் உண்டு. அப்பொருளை அபிநயத்தால் விரிக்கலாம். தில்லானாவிலோ பெரும்பகுதி தாளச் சொற்கட்டுகளே; பொருள் தரும் சாகித்தியம் மிகச் சிறிதே. நாதசுரம் சொல்லைப் பேசமாட்டாது. ஆடும் பாதமும் சொல்லைப் பேசமாட்டாது. சொல்லின் துணையை இருவரும் பெரும்பாலும் துறந்து நிற்கும் உருப்படி தில்லானா. ஆதலின், இருவரும் ஒரே தளத்தில் நின்று பொருத முடிகின்றது. குழலில் எழும் ஒவ்வொரு சுரக்கோவையையும் பாதம் உடனே திருப்பிச் சொல்ல வேண்டும். காலம் விரையுந்தோறும் மூச்சும் காலும் ஒருங்கே சோதிக்கப்படும்.

அக்காட்சியில் ஒன்றை உற்றுநோக்குக. தொடக்கத்தில் சண்முகசுந்தரத்தின் முகத்தில் அவளைத் தோற்கடிக்க வேண்டும் என்னும் முனைப்பே நிறைந்துள்ளது. வாசிக்க வாசிக்க அது மறைந்து, அவள் எங்கே தவறிவிடுவாளோ என்னும் கவலை புகுகின்றது. பின்னர் அக்கவலையும் ஒழிந்து வியப்பே எஞ்சுகின்றது. இறுதியில் அவளது திறமையை அவன் சபையறிய ஒப்புக்கொள்கின்றான். ‘தில்லானா’ என்பது அவள் பெயரின் முன் பட்டமாக அமைகின்றது. படத்தின் பெயருக்குக் காரணம் இதுவே. நாயகன் தோற்றானா வென்றானா என்னும் வினாவுக்கு இங்கே இடமில்லை. பிறிதொரு கலையைத் தனக்கு நிகர் என்று உணர்ந்த அக்கணமே அவன் முழுமையான கலைஞன் ஆகின்றான். பொறாமையால் ஏவப்பட்ட நஞ்சு தோய்ந்த கத்தி அவன் கையைப் புண்படுத்துவதும், பின்னர் அவன் நலமுற்று வாசிக்க வரும்போது, மோகனா தன் ஆட்டத்தின் இடையே அவன் நலத்தைப் பாட்டாலேயே வினவுவதும் இதனை அடுத்து வருவன. முன்பு பாட்டால் அவனைக் கேலி செய்தவள், இப்போது பாட்டாலேயே அவன் புண்ணைத் தடவுகின்றாள்.

மாலையின் விலை

இனி, கதையின் ஆழமான பகுதிக்கு வருவோம். மோகனாவை அடைய விரும்பிச் செல்வர் மூவர் ஒருவர்பின் ஒருவராக வருகின்றனர். முதலில் ஊர்ச் செல்வனாகிய நாகலிங்கம். அடுத்துச் சிங்கபுரம் மைனர். இறுதியில் மதன்பூர் மகாராசா. செல்வமும் அதிகாரமும் படிப்படியாக உயர்கின்றன, கருத்தோ ஒன்றே. கலையை விரும்பிப் பொருள் தந்தோம், ஆதலின் கலையை உடையாளும் நமக்கு உரியள் என்பதே அது. அவள் அன்னை வடிவாம்பாளும் மகளைச் செல்வர் ஒருவரது ஆதரவில் சேர்ப்பதே நல்வாழ்வு என்று நம்புகின்றாள். இடையே நின்று தரகு பேசுவோன் சவடால் வைத்தி. நாகேசின் நடிப்பு நம்மை விலா நோகச் சிரிக்க வைத்தாலும், அச்சிரிப்பினூடே ஒரு கசப்பும் உண்டு. பிறர் மானத்தை விலைபேசியே வயிறு வளர்ப்பவன் அவன்; அவன் பேச்சு இனிக்குந்தோறும் நமக்கு அச்சமே மிகுகின்றது.

அன்னையைக் கொடியள் என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடுதல் கூடாது. அவள் வாழ்ந்த உலகில் ஆடும் மகளிர்க்கு வேறு வழி காட்டுவார் இல்லை. முத்துலட்சுமி அம்மையார் முதலியோரது பல்லாண்டு முயற்சியின் பின், 1947ஆம் ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. கதை நிகழ்வது சமீன்களும் வெள்ளையரும் விளங்கிய, அதற்கு முற்பட்ட காலம். மூப்பு வந்து கால் ஓய்ந்தபின் சோறு யார் இடுவார் என்னும் அச்சமே அன்னையின் வாயினின்றும் பேராசையின் குரலில் வெளிப்படுகின்றது.

இந்நிலை நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை மாணவர் அனைவரும் அறிவர். ஆடலாசான், இசையாசான், தண்ணுமையோன், குழலோன், யாழாசான் என்று ஒவ்வொருவர்க்கும் இலக்கணம் கூறி, அனைவரையும் ஓர் அரங்கில் கூட்டி வைத்த பெருமை அக்காதைக்கு உண்டு. குழலும் ஆடலும் அங்கே பெரிது சிறிது என்னும் வேறுபாடின்றி அருகருகே நிற்கின்றன. ஆயினும், அடுத்து நிகழ்வது யாது? மாதவியின் ஆடலுக்குச் சோழ வேந்தன் தலைக்கோற்பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பெறும் மாலையும் அளிக்கின்றான். மன்னன் தந்த மதிப்பின் அடையாளமாகிய அம்மாலை, மறுகணமே கூனி ஒருத்தியின் கையில் ஏறித் தெருவில் விலைக்கு நிற்கின்றது. கோவலன் அதனை வாங்குகின்றான். மாலையோடு மாதவியையும் பெறுகின்றான். கலைக்குக் கிடைத்த பரிசு, கலைஞர்க்குக் குறித்த விலையாக மாறிய கொடுமை அது.

மாதவிக்குப் பட்டம் தந்தவன் அரசன். மோகனாவுக்குப் பட்டம் தந்தவன் அவளோடு பொருத கலைஞன். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடே படத்தின் உட்பொருள் என்பது நம் கருத்து. அரசன் தரும் பரிசை விலையாக்கலாம். ஒத்த கலைஞன் மனமுவந்து தரும் மதிப்பை எவரும் சந்தையில் நிறுத்த முடியாது. ஆகவேதான், மூன்று செல்வரும் தட்டில் வைத்து நீட்டும் பொன்னை அவள் ஏறெடுத்தும் பாராமல், அந்த ஒரு சொல்லையே தன் அணிகலனாகப் போற்றுகின்றாள்.

நாயகனிடத்தும் உள்ள குறை

இத்துணைப் பெருமிதம் உடைய சண்முகசுந்தரத்திடம் குறையொன்றும் இல்லையோ எனின், உண்டு. அதனை மறையாது காட்டியிருப்பதே கதையின் நேர்மை. தன்னைப் பொருளால் வாங்க முடியாது என்பதில் அவனுக்கு ஐயம் சிறிதும் இல்லை. மேனாட்டார் முன்னிலையில் அவர்தம் மெட்டையே நாதசுரத்தில் வாசித்து அவரை வியக்கச் செய்யும் இடத்தில், எவர் முன்னும் தாழாத அவனது தலைநிமிர்வைக் கண்டு நாமும் மகிழ்கின்றோம். ஆயின், மோகனாவைப் பொருளால் வாங்கிவிடலாமோ என்னும் ஐயம் மட்டும் அவன் உள்ளத்தில் அடிக்கடி தலைதூக்குகின்றது. செல்வர் ஒருவர் அவளை நாடினார் என்று கேட்டவுடன், அவளும் உடன்பட்டிருப்பாள் என்று எளிதில் நம்பிவிடுகின்றான். மதன்பூர் அரண்மனையில் நேரும் பெருந்துயருக்கும் காரணம் இதுவே. அரண்மனைச் சூழ்ச்சியில் அவளுக்குப் பங்கு இல்லை. அவளும் அதனை அறிந்து திடுக்கிடுகின்றாள். மகாராசாவே தன் பிழையை உணர்ந்து வருந்துகின்றார். சண்முகசுந்தரம் உணர்வதற்குள் அவள் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிகின்றாள்.

தன் மானத்தைப் பெரிதாக மதிப்பவன், பிறர்க்கும் அதே மானம் உண்டு என்பதை மறந்தால், அவன் மானம் செருக்காகிவிடும். மேடையில் அவளது கலையைத் தனக்கு நிகர் என்று ஒப்புக்கொண்டவன், வாழ்விலும் அவளது உறுதியைத் தன் உறுதிக்கு நிகர் என்று ஒப்புக்கொள்ளக் கதையின் இறுதிவரை காலம் எடுத்துக்கொள்கின்றான். மேடையில் நேர்ந்த மனமாற்றம் வீட்டில் நேர்வதற்கு இத்துணைத் தாமதம் ஏன் என்று மாணவியர் சிலர் வினவினர். நியாயமான வினாவே. இன்றும் நம்மிடையே பலர் மேடையில் ஒருவராகவும் வீட்டில் வேறொருவராகவும் இருத்தலால், கதாசிரியரின் சித்திரம் பொய்யன்று என்றே விடை கூற வேண்டியுள்ளது. பிழை உணர்ந்தபின் அவளை அவன் காப்பாற்றுவதும், இருவரும் கோயிலில் மணம் புரிவதும் முடிவாக அமைகின்றன. தற்கொலைத் துணிவைக் காட்டித்தான் ஒரு பெண் தன் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டுமோ என்னும் மனக்குறை நமக்கு உண்டு; அஃது அக்காலக் கதைமரபின் குறை என்று கருதி மேலே செல்கின்றோம்.

முடிவுரை

படம் வெளிவந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. சமீன்கள் ஒழிந்தன, மகாராசாக்களும் மறைந்தனர். ஆட்டம் கோயில் மண்டபத்தினின்றும் பெருநகர அரங்குகளுக்குச் சென்று உலகப் புகழ் பெற்றது. எக்குடியிற் பிறந்த பெண்ணும் அதனைப் பெருமையோடு பயில்கின்றாள். நாதசுரமும் தன் பழைய எல்லைகளைக் கடந்தது. ஆந்திர நாட்டிலிருந்து வந்து திருவரங்கத்தில் தங்கிய இசுலாமியராகிய ஷேக் சின்ன மௌலானா (1924–1999), இக்கருவியில் ஈடு இணையற்ற புகழ் பெற்று, 1998இல் சங்கீத கலாநிதி என்னும் பட்டத்தையும் ஏற்றார். நாதத்துக்குச் சாதி சமயம் இல்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

எனினும், சின்ன மேளம் பெரிதாகிவிட்ட இக்காலத்தில் பெரிய மேளம் சிறுத்துவிட்டதோ என்னும் ஐயம் எழுகின்றது. நாட்டியத்தைக் காணச் சீட்டு வாங்கி அமர்ந்து, இமை கொட்டாமல் காண்கின்றோம். நாதசுரத்தையோ திருமணக் கூடத்தில் உண்டும் உரையாடியும் உலாவியும் பின்னணி ஒலியாக வைத்துக்கொள்கின்றோம். தாலி கட்டும் வேளையில் கெட்டிமேளம் முழங்கினால் போதும் என்று அமைந்துவிடுகின்றோம். வாசிப்பவர் தோடியை விரித்தாரா, கல்யாணியை விரித்தாரா என்று கேட்டு அறிய நமக்கு நேரமில்லை. பேசிய தொகையைக் குறையாது கொடுத்துவிட்டோம் என்று மனநிறைவும் கொள்கின்றோம். கலைக்குப் பொருள் தந்தால் கடன் தீர்ந்தது என்று எண்ணிய அந்த மூன்று செல்வர்க்கும் நமக்கும் இவ்விடத்தில் மிக்க வேறுபாடு உண்டோ? அவர் வாங்கக் கருதினர். நாம் வாங்கியபின் கேளாது விடுகின்றோம்.

மாணவ நண்பர்காள்! இப்படத்தைக் காணாதவர் ஒருமுறை காண்க. கண்டவர் மீண்டும் ஒருமுறை, கண்ணை மூடியேனும் கேட்க. பின்னர், நும் ஊரில் நாதசுரம் ஒலிக்கும் இடத்தில் ஓர் இராகம் முடியும் வரையேனும் வாய்மூடி நின்று பழகுக. கலைஞனது மானத்தைக் காத்தற்குப் பெருஞ்செல்வம் வேண்டா. கேட்கும் செவி ஒன்றே போதும்.

அடுத்த விழாவுக்கும் அம்முதியவரையே அழைப்பது என்று நம் மாணவர் மன்றத்தார் முடிவு செய்துள்ளனர். இம்முறை வாயிலில் வெயிலில் நிறுத்தாமல், மண்டபத்தின் மேடையில் விரிப்பிட்டு அமரச் செய்து, நிகழ்ச்சியின் முதற்பகுதியையே அவருக்கு அளிப்பது என்றும் தீர்மானித்துள்ளனர். அன்று அவர் முடிக்காமல் விட்ட அவ்விராகத்தை முடிவு வரை வாசிக்குமாறு வேண்டிக்கொள்வோம். ஒலிபெருக்கியை முதல்நாளே சோதித்து வைப்போம்.